பெண் குழந்தைக்குத் தனித்துவமான பெயரை எப்படித் தேடுவது?

அடுத்தவர் வீட்டில் இல்லாத பெயராக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்துகளைக் கோத்துப் புதிதாக உருவாக்க வேண்டாம்; அதற்குப் பொருள் இருக்காது. பழைய தமிழ்ச் சொற்களில் தேடுங்கள். எழிலி என்றால் மேகம். நறுமுகை என்றால் மணமுள்ள மொட்டு. எவ்வளவு அழகு!

சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயர்களையும் பாருங்கள். வெள்ளிவீதி இன்று காதில் விழுவதே அரிது. ஆனால் ஆதிமந்தி வேண்டாம் என்பேன். மந்திக்குப் பெண் குரங்கு என்றும் பொருள் உண்டு, கூடப் படிக்கும் பிள்ளைகள் குழந்தையை அழவைத்துவிடுவார்கள்.

சரி, ழகரம்? எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தமிழ் தெரியாதவர்கள் யாழினியை ‘யாஸினி’ என்றுதான் படிப்பார்கள். அது பரவாயில்லை என்றால் தயங்காமல் வையுங்கள்.

அப்புறம், முடிவு செய்யும் முன் பெயரைப் பத்து முறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள்.