சரணத்தை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி.ராமநாதன் (எம்.டி.ஆர்.) இயற்றிய பாடல்களை நாங்கள் சிலர் சேர்ந்து பதிவு செய்கிறோம். எங்கள் ஆசிரியை எம்.டி.ஆரின் மாணவர் ஒருவரிடம் கற்றவர், போன வருடம் காலமானார். இருவருக்குமான அஞ்சலியாக ஒரு மணி நேரத்தில் 14 பாடல்கள். இப்போதைய ரசிகர்களுக்காகக் காலப்பிரமாணத்தை, அதாவது பாடும் வேகத்தை, கொஞ்சம் கூட்டியிருக்கிறோம். நீளமான பாடல்களில் கடைசிப் பகுதியான சரணத்தை விட்டு, பல்லவி, அனுபல்லவியோடு முடித்துவிட்டோம். பின்னணியில் புல்லாங்குழல் சேர்க்கலாமா? உறையில் யார் படம் போடுவது? மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கூடக் கொடுக்கப்படாத மேதைக்கு இதையாவது செய்ய வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆசிரியை போன வருடம் காலமானார் என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள், அவரே உங்களைத் திட்டியிருப்பார். சரி, அந்த வேலையை நான் செய்கிறேன்.

உறையில் யார் படத்தை வேண்டுமானாலும் போடுங்கள். கலாநிதிப் புலம்பலை விடுங்கள், நாற்பது வருடமாகக் கேட்டாயிற்று. ஆனால் ஒரு மணி நேரத்தில் 14 பாட்டா? பாட்டுக்கு நாலு நிமிடம் சொச்சம். எம்.டி.ஆர். அதற்குள் தம்புராவோடு சேர்ந்து ஒரு ஸட்ஜத்தில் நின்றுகொண்டிருப்பார். அந்தக் கனத்த கீழ்க்குரல் நின்று நிதானித்துப் போவதற்காக அமைந்த பாட்டுகள் அவை. வேகத்தைக் கூட்டினால் ஸ்வரம் எல்லாம் இருக்கும், ஸ்வரத்துக்கு நடுவில் இருந்தது ஓடிப்போயிருக்கும்.

வேகத்தையாவது மன்னித்துவிடலாம். சரணத்தை வெட்டினீர்களே, அதுதான் தாங்கவில்லை. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து சென்னை வந்து, கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் சேர்ந்தவர் அவர். 1950ல் குரு போய்விட்டார். சிஷ்யர் 1984 வரை இருந்தார், அதே கலாக்ஷேத்ராவில் பாடம் சொன்னார், 300க்கும் மேற்பட்ட பாட்டுகள் கட்டினார். கட்டியவற்றில் தன் பெயரையா வைத்தார்? ‘வரததாஸ’ என்பதுதான் முத்திரை, பாட்டுக்குள் அவர் போட்ட கையெழுத்து. வரதாச்சாரியாரின் தாசன். அது வழக்கமாக எங்கே வரும்? சரணத்தில். குருவுக்கு அஞ்சலி என்று ஆரம்பித்து, அவர் தன் குருவுக்குச் செய்துவைத்த அஞ்சலியைக் கத்தரித்துக் குப்பையில் போட்டிருக்கிறீர்கள். இதை எந்தத் தலைமுறைக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள்?

கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் அப்பா ரேடியோவுக்கு முன்னால் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரையும் மிரட்டி வாயை மூடவைத்து, எம்.டி.ஆர். பாடிய ‘கிரிபை’யைப் பதிவு செய்தார். சஹானா ராகம். அறுபது நிமிட கேசட். பாட்டு நடுவில் இருக்கும்போது ‘டக்’கென்று பட்டன் எகிறிவிட்டது. அப்பா பதறிப்போய் கேசட்டைத் திருப்பிப் போடுவதற்குள் இரண்டு வரி போயிற்று. எங்களுக்கு அது தெரியாது, அந்த கேசட்தான் எங்களுக்குப் பாட்டு வாத்தியார். அக்கா அதைக் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணினாள். ஒரு நவராத்திரிக்கு எதிர்வீட்டுக் கொலுவில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, டேப்பில் இருந்த அதே தாவலோடு பாடினாள். சுண்டல் மடித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி நிமிர்ந்து, “ஏண்டி கொழந்தே, நடுவுல ரெண்டு வரியை எங்க தொலைச்சே?” என்று கேட்டாள். அக்காவுக்கு அழுகை. வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த கேசட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா இன்றைக்கும் அந்த இடம் வந்தால் ஒரு கணம் தடுக்குவாள்.

எங்களுக்கு டேப் தீர்ந்துபோயிற்று, உங்களுக்கு என்ன தீர்ந்துபோயிற்று? எங்கோ ஒரு ஊரில், வாத்தியார் கிடைக்காத பெண் ஒருத்தி உங்கள் பதிவை ஹெட்போனில் போட்டுத்தான் இந்தப் பாட்டுகளைக் கற்கப்போகிறாள். நீங்கள் விட்டதை அவளும் விடுவாள். அவளுக்கு ஒரு சுண்டல் பாட்டி கிடைப்பாளா, சொல்லுங்கள்.

14 வேண்டாம். ஐந்தோ ஆறோ எடுங்கள், முழுசாகப் பாடுங்கள். பாகேஸ்ரீயில் ‘ஸாகர சயன விபோ’ கட்டாயம் இருக்கட்டும். அப்புறம், உங்கள் ஆசிரியை வகுப்பெடுத்தபோது யாராவது செல்போனில் பிடித்துவைத்திருந்தால், பிழை திருத்துகிற அதட்டல் உட்பட ஒன்றையும் வெட்டாமல் கடைசியில் சேருங்கள்.

தயாரானதும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். புல்லாங்குழல் இல்லாமல்.