குறட்டை என்று நினைத்துவிடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன், வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் விழுந்துவிட்டான். மூன்று மாதம் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீடு திரும்பினான். நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் நேற்று பழைய கூட்டாளிகள் வாசலில் வந்து நின்றார்கள். 'கல்யாணம் பண்ணி வை, சரியாகிவிடும்' என்கிறார் என் அண்ணன். என்ன செய்வது?
- ஒரு தாய், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: அம்மா, கல்யாணப் பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாக நினைப்பது பாவம்.

பெங்களூரில் 27 வருஷம் போதை நோயாளிகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். தேறி வீட்டுக்குப் போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்கு அதிகம் பயம். இந்த வகை மாத்திரையைத் தினமும் எடுக்கும் உடம்பு அதைத் தாங்கப் பழகிவிடும். நிறுத்திச் சில வாரம் ஆனாலே அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். ஆனால் கைக்குப் பழைய அளவு மறக்காது. முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சையே நிறுத்திவிடலாம்.

ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "குறட்டை விட்டுத் தூங்கினான் சிஸ்டர். ரொம்ப நாளைக்கப்புறம் பிள்ளை நிம்மதியா தூங்குறான்னு போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்." விடியும்போது உடம்பு சில்லிட்டிருந்தது. அவர் கேட்டது மூச்சு அடைபடும் சத்தம்.

அப்படிக் கரகரவென்று சத்தம் கேட்டால் உலுக்கிப் பாருங்கள். எழவில்லை, உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள். என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். போதையை முறிக்கும் நலாக்சோன் ஊசியை ஆஸ்பத்திரியில் நேரத்தோடு போட்டால் மூச்சு திரும்பும். எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போதை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. போதை ஏக்கத்தைத் தணிக்க நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்பின், போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்று மருந்துகள் இருக்கின்றன. உங்கள் மகனுக்கு எது என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். ஊசியைப் பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் சி, எச்ஐவி ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். போலீஸ் பயத்தில் ஒளிக்க வேண்டாம். தானாக சிகிச்சைக்கு வருகிறவருக்கு, சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலிருந்து விலக்கு தர 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்; உள்ளே மயங்கி விழுந்தால் உடனே திறக்க முடிய வேண்டும். காரணத்தை மகனிடம் நேராகச் சொல்லியே கழற்றுங்கள், திட்டாமல். கூட்டாளிகள் வந்தால் வாசலில் நீங்கள் நில்லுங்கள். ராத்திரி மனசு பதறினால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். ஆஸ்பத்திரிக்கு வர அவன் மறுத்தால், அந்த மையத்தில் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டுமாவது இந்த வாரமே போய்வாருங்கள்.