டோக்கியோவில் ஒரு முகவரி

அன்புள்ள ஐயா,

கோவையில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். டோக்கியோவில் வேலை உறுதியாகி, பொறியாளர் விசாவும் வந்துவிட்டது. மனைவியையும் மூன்று வயது மகளையும் கூடவே அழைத்துப் போகிறேன். அங்கிருக்கும் நண்பர்கள், ‘வெளிநாட்டுக்காரனுக்கு வீடு கிடைக்காது, எதற்கெடுத்தாலும் படிவம்’ என்று பயமுறுத்துகிறார்கள். உண்மைதானா? போனதும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ரா.,
கோவை

அன்புள்ள ரா.,

நண்பர்கள் மிகைப்படுத்தவில்லை. 2016-ல் ஜப்பானியச் சட்ட அமைச்சகத்துக்காக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் நூற்றுக்கு 39 பேர், வெளிநாட்டவர் என்பதாலேயே வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஆனால் முகத்துக்கு நேராக யாரும் மறுக்க மாட்டார்கள். தரகர் உங்கள் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார். ‘காய்கோகுஜின்’, அதாவது வெளிநாட்டவர், என்ற சொல் காதில் விழும். போனை வைத்துவிட்டு, ‘அந்த வீடு இப்போதுதான் முடிந்துவிட்டதாம்’ என்பார். அவரோடு வாதாடிப் பயனில்லை. குடியிருப்பவரைக் காலிசெய்ய வைப்பது அங்கே சட்டப்படி கடினம். வாடகை பாக்கியோடு விமானம் ஏறிவிட்டால் யாரைப் பிடிப்பது என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். ‘என்ன ஆளுங்க?’ என்று கேட்டு வீடு மறுக்கும் நம்மூர்க்காரர்களின் பயத்தைவிட இதற்குக் கொஞ்சமாவது காரணம் இருக்கிறது. அதற்காக இது நியாயமாகிவிடாதுதான்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் முதலில் யூஆர் வீடுகளைப் பாருங்கள். அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகள் அவை. உங்களுடையதைப் போன்ற நீண்டகால விசா இருந்தால் போதும், எந்த நாட்டுக்காரர் என்பது பொருட்டில்லை. தரகு, ஜாமீன், புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது. முன்பணம் இரண்டு மாத வாடகை. மாத வருமானம் வாடகைக்கு ஏற்ப அவர்கள் வகுத்த அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கிழக்கு டோக்கியோவின் நிஷிகசாயில் 2000-ஐ ஒட்டி இந்திய மென்பொருள்காரர்கள் குடியேறத் தொடங்கியதற்கு இத்தகைய குடியிருப்புகளும் ஒரு காரணம். நகர மையத்தில் உள்ள ஓடேமாச்சி அலுவலகங்களுக்கு நேர் ரயில் இருப்பது இன்னொன்று. இந்தியப் பள்ளியும் மளிகைக் கடைகளும் அங்கேயே உண்டு.

தனியார் வீடு என்றால் கையில் ரொக்கம் வேண்டும். மாத வாடகை 1,20,000 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் ஒரு மாதம். ‘ரெய்கின்’ என்னும் நன்றிப் பணம் ஒரு மாதம், அது திரும்பி வராது. தரகு வரியோடு 1,32,000. ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாத வாடகையிலிருந்து ஒரு மாத வாடகை வரை. முதல் மாத வாடகை. தீ காப்பீட்டுக்கும் பூட்டு மாற்றவும் முப்பது நாற்பதாயிரம். சாவி கைக்கு வருவதற்குள் 6 லட்சம் யென் போய்விடும். முதல் சம்பளத்துக்கு முன்பே இந்தச் செலவு வரும் என்பதால் முன்தொகை உண்டா என்று நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள்.

இனி, எதை முதலில் செய்வது என்பது. நரிடாவிலோ ஹனேடாவிலோ இறங்கியதும் வசிப்பு அட்டை தருவார்கள். அதன் பின்புறம் முகவரி இடம் காலியாக இருக்கும். குடியேறிய 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் அதை நிரப்ப வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்கும். வீட்டுத் தரகர் ஜப்பானியக் கைப்பேசி எண் கேட்பார். கைப்பேசிக் கடைக்காரர் அட்டையில் முகவரி கேட்பார். வங்கி இரண்டையும் கேட்கும். அதனால் முதல் மாதத்துக்கு நிறுவனத்திடமே மாத வாடகை அறை கேட்டு வாங்குங்கள். அந்த முகவரியில் குடியிருப்புப் பதிவு செய்யலாமா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள். சில இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள்.

குடும்பத்தோடு போவதால் திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டின் மூலத்தையும் ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் கையோடு கொண்டுபோங்கள். மூவரையும் ஒரே குடும்பமாகப் பதிய வார்டு அலுவலகத்தில் கேட்கக்கூடும். மனைவி பகுதிநேர வேலை பார்க்க விரும்பினால் தனி அனுமதி வேண்டும். வாரம் 28 மணி நேரம்தான் வரம்பு.

வங்கியில், ‘ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். வந்து ஆறு மாதம் ஆகாதவரை அயல்வாசியாகக் கணக்கிடும் விதி உண்மைதான். ஆனால் ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு அது பொருந்தாது. வேலைச் சான்றிதழையும் ஊழியர் அட்டையையும் காட்டுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: பெயர். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது காலியாக இருக்கும். வங்கிக்கோ பெயரைக் கட்டக்கானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்தில் தர வேண்டும். அதில் ‘ல’ கிடையாது. செல்வராஜ் என்பவரை வங்கி எழுத்தர் ‘செருவராஜு’ என்று எழுதுவார், நிறுவனக் கணக்காளர் ‘செருபராஜு’ என்று எழுதுவார். ஓரெழுத்து மாறினாலும் சம்பளம் கணக்கில் சேராமல் திரும்பிப் போய்விடும். ஆகவே ஒரே எழுத்துக்கோவையை முடிவுசெய்து, தாளில் எழுதிப் படமெடுத்து, வங்கி, நிறுவனம், கைப்பேசி, காப்பீடு எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் வங்கியின் இணையப் படிவம் ஏற்காது. ஒரே பெயரை இரண்டு தடவை இட்டு நிரப்பினால் அட்டையோடு ஒத்துப்போகாமல் பிறகு மாட்டிக்கொள்வீர்கள். அலைச்சல் என்றாலும் நேரில் போய்விடுவதே நல்லது.

இன்னொன்று, குடியிருப்பு வரி. முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்து ஏறக்குறைய 10 விழுக்காடு போடுவார்கள். புதிதாகப் போகிறவருக்கு முதல் ஆண்டு அங்கே முந்தைய வருமானமே இருக்காது, அதனால் சம்பளம் கொழுத்துத் தெரியும். மறு ஆண்டு ஜூனில் பிடித்தம் தொடங்கும்போதுதான் உறைக்கும். ஜனவரி 1 அன்று அங்கே வசிப்பவர் மீது அந்த ஆண்டின் வரி விழும். பிப்ரவரியில் ஊர் திரும்பினாலும் தப்ப முடியாது.

கடைசியாக, சமையலறை. ஜப்பானிய வாடகை வீடுகளின் வினைல் சுவர்த்தாளில் தாளிப்பின் எண்ணெய்ப் புகை படிந்துவிடும். காலிசெய்யும்போது முன்பணத்தில் கைவைப்பதற்கு அது வசதியான காரணம். அரசின் வழிகாட்டுதல்படி சுவர்த்தாளின் மதிப்பு ஆறு ஆண்டுகளில் ஒரு யென்னாகக் குறைந்துவிடும், அதனால் நீண்டநாள் குடியிருந்தவரிடம் முழு விலை கேட்பது முறையல்ல. கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஆனால் கவனிப்பில்லாமல் பிசுக்கு ஏற விட்டால் சுத்தம் செய்யும் கூலி உங்கள் தலையில்தான் விழும். வாணலி வைக்குமுன் விசிறியைப் போடுங்கள், அடுப்பைச் சுற்றி அலுமினியத் தடுப்பு வையுங்கள் (நூறு யென் கடையில் கிடைக்கும்). சாவி வாங்கிய அன்று, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, சுவர், தரை, அடுப்படி எல்லாவற்றையும் தேதி தெரியப் படமெடுத்து வைத்துவிடுங்கள்.