சாமி இல்லாத தேர்

அன்புள்ள ஐயா,

மேரிலாந்தில், பால்டிமோருக்குப் பக்கத்தில் பதினோரு வருடங்களாக இருக்கிறோம். கிரிக்கெட்டைத் தவிர வேறு எந்த ஆட்டமும் எனக்குப் பிடிபடவில்லை. பன்னிரண்டு வயது மகனுக்கோ அமெரிக்கக் கால்பந்துதான் எல்லாம். அதிலும் பால்டிமோர் ரேவன்ஸ் அணி தோற்றால் அன்று இரவு சாப்பிட மாட்டான்.

வரும் திங்கட்கிழமை, 2023 ஆகஸ்ட் 21 இரவு எட்டு மணிக்கு, லேண்டோவரில் ரேவன்ஸ் அணிக்கும் வாஷிங்டன் கமாண்டர்ஸ் அணிக்கும் சீசனுக்கு முந்தைய ஆட்டம் ஒன்று நடக்கிறது. அலுவலக நண்பர் ஒருவர் தனக்கு வேண்டாம் என்று இரண்டு டிக்கெட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். "காசு கொடுத்து வாங்கும் ஆட்டம் இல்லை இது, சும்மா கிடைத்ததால் போய்வா" என்றார். மகன் இதைச் சரித்திரம் என்கிறான். இந்த வகை ஆட்டங்களில் ரேவன்ஸ் தொடர்ந்து 24 முறை வென்றிருக்கிறதாம். திங்கட்கிழமை வென்றால் 25.

யார் சொல்வது சரி? மூன்று மணி நேரம் உட்கார்ந்து நான் எதைப் பார்ப்பது? விளையாட்டு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறவன் என்பதால் கேட்கிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

அவசியம் போய்வாருங்கள். ஆனால் கூட்டம் எழுந்து காரை எடுக்கக் கிளம்பும் நேரத்தில் நீங்களும் எழுந்துவிடாதீர்கள். நான் சொல்ல நினைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணங்கள்.

இந்த ஆட்டத்துக்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேரையோ பழுது பார்த்த தேரையோ திருவிழாவுக்கு முன்னால் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு முனகுகிறதா, முக்கில் ஒழுங்காகத் திரும்புகிறதா, முட்டுக்கட்டை போடுகிறவருக்குக் கை பழகிவிட்டதா என்று பார்க்கத்தான். சாமியை ஏற்ற மாட்டார்கள். திங்கட்கிழமையும் சாமி வராது. உங்கள் மகன் எட்டாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவதற்கு முன் இதை அவனிடம் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணுக்கு உரியவர், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன், சென்ற ஆண்டு வெள்ளோட்டத்தில் ஒரு நிமிடமும் ஆடவில்லை. போன வாரம் ஃபிலடெல்ஃபியாவை 20-19 என்று வென்றபோதும் ஆடவில்லை. இந்த ஏப்ரலில்தான் ஐந்து ஆண்டுகளுக்கு 26 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைக் கணக்கில் சேராத ஓர் ஆட்டத்தில் யார் இறக்குவார்கள்?

பயப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. அது நடந்தது இதே மைதானத்தில்தான். 2021 ஆகஸ்ட் 28 அன்று ரேவன்ஸ் அங்கே வாஷிங்டனை 37-3 என்று வென்றது. பெயர்பெற்ற பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டியின் கிரீன் பே அணி 1959 முதல் 1962 வரை வைத்திருந்த 19 வெற்றிச் சாதனை அன்று முறிந்தது, இருபதாவது வெற்றி. அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் பந்தோடு ஓடும் வேலைக்காரர், அதாவது ரன்னிங் பேக், ஜே.கே. டாபின்ஸ் பக்கத்திலிருந்து எறிந்த ஒரு பந்தைப் பிடித்தார், மோதலில் முழங்கால் மடங்கியது, தசைநார் அறுந்தது. முதல் ஆண்டிலேயே ஒன்பது டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடப்பது) போட்ட இளைஞர். 2021 சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. எட்டு வெற்றி, மூன்று தோல்வி என்று ஓடிக்கொண்டிருந்த அணி கடைசி ஆறு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று, சீசன் முடிந்து நடக்கும் வெளியேற்றுச் சுற்றான பிளே ஆஃப் பக்கமே போகாமல் வீட்டுக்குப் போனது. அதற்கு டாபின்ஸின் முழங்கால் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்த ஆண்டு அவர்களுக்குக் காயமில்லாத வாரமே இல்லை. ஆனாலும் சாதனை வந்த நாளில் போனது என்ன என்று ரேவன்ஸ் பயிற்சியாளர் ஜான் ஹார்பாவுக்கு மறந்திருக்காது.

வெற்றிக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ் வெள்ளோட்டத்தில் நான்குக்கு நான்கு வென்றது. சீசனில் பதினாறுக்குப் பதினாறு தோற்றது. 2017இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அதே கதையை எழுத்து மாறாமல் திருப்பிச் சொன்னது. இவ்வளவு தூரம் போக வேண்டாம். ரேவன்ஸ் கடைசியாக வெள்ளோட்டத்தில் தோற்றது 2015 செப்டம்பர் 3 அன்று, அட்லாண்டாவிடம். அதன்பின் 24 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. அதே காலத்தில் பிளே ஆஃபில் எத்தனை வெற்றி? ஒன்று. 2021 ஜனவரியில் டென்னசியை வென்றது மட்டும். 24க்கு 1. ஊர்கோலத்தில் அசத்திவிட்டு முகூர்த்தத்தில் தடுமாறும் மாப்பிள்ளை மாதிரி. உங்கள் மகனிடம் இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அதற்காக இதை வெத்துவேட்டு என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. எட்டு ஆண்டுகள், மாறிக்கொண்டே இருக்கும் ஆட்கள், வெற்றியைப் பற்றி யாரும் கவலைப்படாத ஆட்டங்கள். அதில் 24 முறை தொடர்ந்து வெல்வது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க முடியாது. இந்த ஆட்டங்கள் முடிவாவது பெரும்பாலும் கடைசிக் கால் பகுதியில். அப்போது உள்ளே இருப்பவர்கள் மூன்றாம் வரிசை ஆட்கள். ரேவன்ஸின் மூன்றாம் வரிசை மற்றவர்களின் மூன்றாம் வரிசையை விட மேல் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. தலைமைப் பயிற்சியாளர் ஆவதற்கு முன் ஹார்பா ஃபிலடெல்ஃபியாவில் ஒன்பது ஆண்டுகள் உதை ஆட்டங்களுக்கான குழுக்களைப் பழக்கியவர். உதைப்பது, உதைத்த பந்தைத் துரத்துவது, துரத்துபவனைத் தடுப்பது என்று யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத வேலைகள் அவை. அணியில் கடைசி இருக்கைகள் அந்த வேலைகளுக்குத்தான் கிடைக்கின்றன.

நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். இப்போது ஒவ்வோர் அணியிலும் 90 பேர். ஆகஸ்ட் 29 மாலை நான்கு மணிக்குள் அது 53 ஆக வேண்டும். முன்பெல்லாம் தவணை தவணையாகக் கழிப்பார்கள். இந்த ஆண்டு ஒரே நாளில், ஒரே வெட்டில். 32 அணிகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,180 பேர். அவர்களில் அணிக்குப் பதினாறு பேர் பயிற்சிக் குழுவில், அதாவது 53க்கு வெளியே அணியோடு பயிற்சி செய்யும் கூட்டத்தில், ஒட்டிக்கொள்ளலாம். 53இல் ஒருவனாக இருந்தால் புதுமுகத்துக்கும் 2023 கணக்கில் ஆண்டுக்குக் குறைந்தது 7,50,000 டாலர். பயிற்சிக் குழுவில் வாரம் 12,000 டாலரிலிருந்து தொடங்குகிறது. இரண்டும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. கழித்துவிடப்பட்ட செய்தியைக் கொண்டுவரும் ஊழியருக்கு வீரர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'டர்க்'. காலையில் கதவைத் தட்டி, "பயிற்சியாளர் உங்களைப் பார்க்க வேண்டுமாம், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்பார். புத்தகம் போய்க் கையடக்கக் கணினி வந்துவிட்டது. தட்டும் சத்தம் மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இப்படி ஒரு வெள்ளோட்டத்துக்குப் போயிருந்தேன். புழுக்கமான ஆகஸ்ட் இரவு. மூன்றாம் கால் பகுதி முடியும்போது முக்கால்வாசி நாற்காலி காலி. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி. நால்வர் முதுகிலும் ஒரே எண். கடையில் வாங்கிய சட்டை இல்லை. வெள்ளைப் பனியனில் கறுப்புத் துணியை வெட்டித் தைத்தது. பாட்டியின் முதுகில் இரண்டாவது இலக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, அவர்கள் கண் வேறு பக்கம் இருந்தது. கோட்டோரம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பையனையே நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிய ஆறு நிமிடம் இருக்கையில் அவனை உள்ளே அனுப்பினார்கள். பண்ட் (பந்தை எதிரணியிடம் ஒப்படைக்கத் தூரமாக உதைப்பது) உதைத்ததும் ஐம்பது கஜம் ஓடினான், பந்தைப் பிடித்தவனின் கணுக்காலை ஒரு கையால் எட்டிப் பற்றினான், விடவில்லை. பின்னால் வந்த மூவர் மேலே விழுந்தார்கள். ஒலிபெருக்கியில் அந்த மூவரில் ஒருவன் பெயரைச் சொன்னார்கள். பாட்டி எழுந்து நின்று கையை ஆட்டி, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், கடைசியில் திரும்பி என்னிடம், "இல்லை, அது எங்கள் பையன்" என்றார். நான் பார்த்தேன் என்று சொன்னேன். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

மார்கழியில் சபாவில் நண்பகல் கச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? முன்வரிசையில் பாடகியின் பெரியம்மா, நடுவில் கான்டீன் திறப்பதற்காகக் காத்திருக்கும் இருவர், மேடையில் ஒரு பெண் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை கடைசிக் கால் பகுதி அப்படித்தான் இருக்கும்.

ரேவன்ஸுக்கு இந்தப் பக்கம் ஒரு பரம்பரையே உண்டு. 2012இல், அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட ஜஸ்டின் டக்கர் என்ற உதையாளர் பால்டிமோர் முகாமுக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே இருந்தவர் அந்த ஜனவரியில் ஒரு முக்கியமான 32 கஜ உதையைக் கோட்டைவிட்ட பில்லி கண்டிஃப். அந்த ஆகஸ்டில் வேலை டக்கருக்குப் போனது; அந்த சீசன் முடிவில் அணி இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றது. 2021இல் டெட்ராய்டில் 66 கஜத்திலிருந்து அவர் உதைத்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டு எம்பி உள்ளே விழுந்தது. அன்று அது புதுச் சாதனை. இந்த முறை அணியில் இன்னொருவரையும் கவனியுங்கள். ஜாஷ் ஜான்சன், குவார்ட்டர்பேக், வயது 37. இதுவரை 14 அணிகளில் இருந்திருக்கிறார். வேறு எவரும் இத்தனை சட்டை மாற்றியதில்லை. எத்தனை ஆகஸ்ட்களை அவர் இப்படிக் கடந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

வாஷிங்டன் பக்கம் வேறு மாதிரி. பழைய முதலாளி டேன் ஸ்னைடர் போய்விட்டார். ஜூலையில் 605 கோடி டாலருக்கு அணி ஜாஷ் ஹாரிஸ் குழுவின் கைக்கு வந்தது. புது முதலாளிக்குச் சொந்த மைதானத்தில் இதுதான் முதல் ஆட்டம். நேற்றுத்தான் சாம் ஹவல்தான் எங்கள் குவார்ட்டர்பேக் என்று பயிற்சியாளர் ரான் ரிவேரா அறிவித்தார். சென்ற ஆண்டு ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவர், இதுவரை ஒரே ஒரு சீசன் ஆட்டத்தைத்தான் தொடங்கியிருக்கிறார். அதில் டாலஸை 26-6 என்று வென்றார். தாக்குதல் பயிற்சியாளர் எரிக் பியெனமியின் புதுத் தாக்குதல் முறை இன்னும் அவருக்குள் இறங்க வேண்டும். ஆகவே இவர்கள் முதல் வரிசையைக் கொஞ்சம் நீளமாகவே ஆடவிடுவார்கள் என்று நினைக்கிறேன். ரேவன்ஸுக்கு அந்த அவசரம் இல்லை. செவ்வாயும் புதனும் இரண்டு அணிகளும் ரேவன்ஸின் பயிற்சி மைதானம் இருக்கும் ஓவிங்ஸ் மில்ஸில் சேர்ந்தே பயிற்சி செய்தன. முதல் வரிசை பார்க்க வேண்டியதை அங்கேயே பார்த்தாகிவிட்டது. ரேவன்ஸின் தாக்குதல் பயிற்சியாளர் டாட் மாங்கன் தான் கொண்டுவந்திருக்கும் புது முறையின் நல்ல சரக்கை செப்டம்பர் 10 அன்று ஹூஸ்டனுக்காகப் பூட்டித்தான் வைத்திருப்பார்.

கணிப்பு கேட்காமல் விட மாட்டீர்கள். முதல் பாதியில் வாஷிங்டன் முந்தும். ஹவல் ஒரு டச் டவுனாவது போடுவார். பிற்பாதியில் ரேவன்ஸின் மூன்றாம் வரிசை துரத்தி வரும். முடிவு ஒரு ஃபீல்டு கோல் (கம்பிகளுக்கு நடுவே உதைத்துப் பெறும் மூன்று புள்ளி) வித்தியாசத்துக்குள். எந்தப் பக்கம் என்றால் ரேவன்ஸ் என்பேன். பந்தயம் கட்ட மாட்டேன். சமனில் முடிந்தால் சமன்தான், வெள்ளோட்டத்தில் 2021 முதல் கூடுதல் நேரம் கிடையாது. 24 வெற்றி அப்படி ஒரு சமனில் நின்றுபோனால் மகனைச் சமாதானப்படுத்துவது உங்கள் பாடு. (தமிழ்நாட்டிலிருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு: செவ்வாய் காலை ஐந்தரை மணி.)

போகும்போது இரண்டு அணிகளின் பெயர்ப் பட்டியலையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். 90 பேர் இருப்பதால் ஒரே எண்ணை இருவர் போட்டிருப்பார்கள், ஒருவர் தாக்குதலில், ஒருவர் தடுப்பில். பட்டியல் இல்லாமல் குழம்பிப்போவீர்கள். இடைவேளையில் மகனிடம் கொடுத்து, அவன் இதுவரை கேள்விப்படாத ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்வில் யாரும் எடுக்காதவனாக இருந்தால் இன்னும் நல்லது. பிறகு பந்தை விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் இருவரும் பின்தொடருங்கள். கோட்டோரம் நிற்கும்போது பயிற்சியாளருக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறான், பந்து தன் பக்கம் வராதபோதும் முழு வேகத்தில் ஓடுகிறானா, விழுந்தவன் எவ்வளவு சீக்கிரம் எழுகிறான் என்று பாருங்கள். பயிற்சியாளர்களும் மறுநாள் காணொளியைப் போட்டு இதையேதான் பார்ப்பார்கள்.

26ஆம் தேதி டாம்பா பேயில் ரேவன்ஸுக்குக் கடைசி வெள்ளோட்டம். 29ஆம் தேதி மாலை பட்டியல் வரும். உங்கள் மகன் குறித்து வைத்த எண் அதில் இருந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
19 ஆகஸ்ட் 2023