கிறிஸ்மஸ் நட்சத்திரம் செய்ய இ.பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 41 வயது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பிள்ளைகள். போன கிறிஸ்மஸுக்கு நான் வீட்டிலேயே காகித நட்சத்திரம், குரோஷே சம்மனசு (தேவதூதர்) பொம்மை, வாசனை மெழுகுவர்த்தி செய்து தேவாலயச் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் விற்றேன். நட்சத்திரம் 60 (15 வெள்ளி), பொம்மை 40 (18 வெள்ளி), மெழுகுவர்த்தி 60 (12 வெள்ளி). மொத்தம் 2,340 வெள்ளி வந்தது. சாமான் வாங்கியது 1,120. லாபம் 1,220 வெள்ளி. எல்லாரும் பாராட்டியதால் இந்த வருடம் 600 உருப்படி செய்ய ஆசை. அக்டோபரில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். 5,000 வெள்ளி தேவைப்படும். அதில் காகிதம் வெட்டும் மெஷின் மட்டும் 1,400. வீட்டுக்காரரின் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கில் 3,000 எடுத்து, மீதி 2,000-ஐ கூட்டு (சீட்டு) எடுத்துச் சமாளிக்கலாமா? தொழிலைப் பதிவு செய்ய வேண்டுமா, வரி வருமா? சொந்தக்காரர்களுக்கும் கையால் செய்ததையே கொடுத்தால் செலவு மிச்சம்தானே?

பதில்: சகோதரி, கடிதத்தோடு உங்கள் நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் இல்லாத சில விஷயங்கள் அதில் இருக்கின்றன. முதலில் அந்த 1,220 வெள்ளியைப் பார்ப்போம்.

சந்தையில் மேசைக்கு 80 வெள்ளி கட்டியிருக்கிறீர்கள். பெட்டி, ரிப்பன், பிளாஸ்டிக் பைக்கு 95. பெட்ரோலும் பார்சலும் 65. மூன்றும் சேர்ந்து 240 வெள்ளி. இதையெல்லாம் வீட்டுச் செலவுப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். கழித்தால் லாபம் 980. உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. வாங்கிய சாமானில் 240 வெள்ளிக்கு இன்னும் அலமாரியில் மிச்சம் இருக்கிறது. வாசனை எண்ணெயும் பசையும் அடுத்த வருடம் வரை அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. நூல், காகிதம் என்று பாதியை, 120 வெள்ளியை, மட்டும் கணக்கில் சேர்க்கிறேன். ஆக 1,100.

இப்போது நேரம். பொம்மை ஒன்றுக்கு 2 மணி நேரம், நட்சத்திரத்துக்கு 25 நிமிடம், மெழுகுவர்த்திக்கு 20 நிமிடம் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். கட்டுவது, அடுக்குவது எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 135 மணி நேரம். 1,100-ஐ 135-ஆல் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 15 சென். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 சென். அந்த வேலையில் இருப்பவருக்கு முதலாளி இ.பி.எஃப்.பில் 13 விழுக்காடு தனியாகக் கட்டுகிறார். உங்களுக்கு யாரும் கட்டவில்லை.

மனம் தளர வேண்டாம். முதல் வருடத்திலேயே நட்டம் இல்லாமல் வெளியே வந்தவர்கள் குறைவு. நானே சின்ன வயதில் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை 2,000 அச்சடித்து விற்கக் கிளம்பியவன்தான். டிசம்பர் 26 அன்று எங்கள் வீட்டில் 1,300 அட்டை இருந்தது. அப்புறம் பல வருடம் மளிகைச் சாமான் பட்டியலை அதன் பின்பக்கத்தில்தான் எழுதினோம்.

பொருள் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நட்சத்திரத்தில் சாமான் 5 வெள்ளி போக 10 வெள்ளி நிற்கிறது. 25 நிமிட வேலை. அதாவது மணிக்கு 24 வெள்ளி. மெழுகுவர்த்தியில் மெழுகு, திரி, கண்ணாடிக் குப்பி, வாசனை என்று 7 வெள்ளி போய்விடுகிறது. நிற்பது 5 வெள்ளி, மணிக்கு 15. எல்லாரும் "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று கையில் எடுத்துப் பார்த்த சம்மனசு பொம்மையில் நூல் 4 வெள்ளி போக 14 வெள்ளி, 2 மணி நேரத்துக்கு. மணிக்கு 7. மேசை வாடகை, பெட்டிச் செலவெல்லாம் இன்னும் இதில் கழிக்கவில்லை. உங்கள் 135 மணி நேரத்தில் 80 மணி நேரத்தை அந்தப் பொம்மையே விழுங்கியிருக்கிறது.

18 வெள்ளிக்கு அந்தப் பொம்மையை இனி விற்காதீர்கள். 35 சொல்லுங்கள். கேட்பவர்கள் பாதியாகக் குறைவார்கள், குறையட்டும். முன்கூட்டியே பணம் கட்டிச் சொல்கிறவர்களுக்கு மட்டும், மொத்தம் 20 போதும்.

அடுத்து அந்த 600. போன வருடம் போலவே மூன்றையும் கலந்து செய்தால் 600 உருப்படிக்கு ஏறக்குறைய 506 மணி நேரம் வேண்டும். அக்டோபர் முதல் தேதியில் உட்கார்ந்தாலும் டிசம்பர் 20 வரை பதினொன்றரை வாரம்தான். வாரத்துக்கு 44 மணி நேரம். ஊழியரின் சாதாரண வேலை நேரத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சமே வாரத்துக்கு 45. பிள்ளைகளையும் சமையலையும் பார்த்துக்கொண்டு, இரவில் பசைத் துப்பாக்கியோடு இன்னொரு முழுநேர வேலை செய்யப் போகிறீர்களா?

மெஷின் இப்போது வேண்டாம். அது நட்சத்திரத்துக்கு மட்டும்தான் உதவும். ஒன்றுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகும் என்றே வைத்துக்கொண்டாலும், 150 நட்சத்திரத்துக்கு 25 மணி நேரம் மிச்சம். அதற்கு 1,400 வெள்ளி என்றால் ஒரு மணி நேரத்தை 56 வெள்ளி கொடுத்து வாங்குகிறீர்கள். இரண்டு மூன்று கிறிஸ்மஸ் தொடர்ந்து விற்ற பிறகு பேசலாம்.

நான் சொல்லும் அளவு 250 உருப்படி. நட்சத்திரம் 150, விலை 18 வெள்ளி. மெழுகுவர்த்தி 80, விலை 15. பொம்மை 20, விலை 35. எல்லாம் விற்றால் 4,600 வெள்ளி. சாமான் 1,390, மேசை, பெட்டி, பெட்ரோலுக்கு 400 என்று கழித்தால் 2,810 நிற்கும். வேலை ஏறக்குறைய 144 மணி நேரம், போன வருடத்தை விட ஒன்பது மணி நேரம்தான் கூட. நட்சத்திரத்திலும் மெழுகுவர்த்தியிலும் கால் பங்கு விற்காமல் தங்கிவிட்டால்கூட 1,835 வெள்ளி, மணிக்கு 12-க்கு மேல். இது எல்லாம் நீங்கள் துணிந்து விலையை ஏற்றினால்தான்.

18 வெள்ளிக்கு நட்சத்திரம் போகுமா என்று கேட்பீர்கள். பேரங்காடியில் தொங்குவதைப் போலவே செய்தால் போகாது. அங்கே இதைவிட மலிவாகக் கிடைக்கும். லெபோ பாசார் பக்கம் தையல் கடைகளில் வெட்டிப் போடும் சேலைத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். ஜரிகைக் கரை வைத்த நட்சத்திரம், கோலப் புள்ளி வைத்த நட்சத்திரம் என்று செய்தால் பேரங்காடிச் சரக்கோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள். சீனாவிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் சாமான் 500 வெள்ளிக்குள் இருந்தாலும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி உண்டு என்பதையும் விலையில் சேருங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். இந்த அளவுக்கு, அலமாரியில் இருப்பது போக, சாமானுக்குக் கையில் வேண்டியது சுமார் 1,270 வெள்ளி. இதை வாடிக்கையாளரே கொடுப்பார். செப்டம்பரில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மாதிரி மட்டும் செய்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். பாதிப் பணம் கட்டினால்தான் ஆர்டர் என்று சொல்லிவிடுங்கள். பொம்மை 20-க்கும், நட்சத்திரம், மெழுகுவர்த்தியில் சரிபாதிக்கும் முன்பணம் வந்தாலே 1,325 வெள்ளி ஆகிவிடும். மாதிரி செய்ய உங்கள் சேமிப்பிலிருந்து 300 வெள்ளி போதும். நம் ஆட்களிடம் முன்பணம் கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் உட்காருபவரிடம்! ஆனால் தீபாவளிப் பலகாரத்துக்கு முன்பணம் கட்டிப் பழகியவர்கள்தானே அவர்களும். அக்டோபர் கடைசிக்குள் 600 வெள்ளிகூட வரவில்லை என்றால் உருப்படிகளைப் பாதியாகக் குறையுங்கள். நவம்பர் 30-க்குப் பிறகு புது ஆர்டர் எடுக்காதீர்கள்.

ஆகவே இ.பி.எஃப். பணத்தைத் தொட வேண்டியதே இல்லை. மூன்றாவது கணக்கில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் அது கைச்செலவுக் காசு போலத் தோன்றும். 2024-க்கு இ.பி.எஃப். கொடுத்த ஈவு 6.30 விழுக்காடு. ஐந்தரை விழுக்காடு என்று குறைத்தே போட்டாலும், அந்த 3,000 வெள்ளி உங்கள் வீட்டுக்காரர் 55 வயதைத் தொடும்போது 6,350-க்குப் பக்கத்தில் நிற்கும். கணவருக்கு உடம்பு முடியாமல் போய் ஒரு மாதம் ஓவர்டைம் இல்லை என்றால், அப்போது எடுங்கள். அதற்குத்தான் அந்தக் கணக்கு.

கூட்டு வேண்டவே வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்று 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. நடத்துகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் நடுவில் ஒருவர் கட்டாமல் போனால் நீங்கள் எந்த வங்கியில் போய்ப் புகார் செய்வீர்கள்? 2,000 வெள்ளியை முதலில் எடுத்துக்கொண்டால் மாதம் 200 வீதம் பத்து மாதம் கட்ட வேண்டும். கிறிஸ்மஸ் முடிந்து, விற்பனை நின்ற பிறகும் அந்தத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

பதிவைப் பற்றி: தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிய வேண்டும். உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே முடித்துவிடலாம். இந்த அளவு லாபத்துக்கு உங்களுக்கு வரி வராது. தனிநபருக்கான 9,000 வெள்ளி விலக்கிலேயே அடங்கிவிடும். கணக்குக் காட்டும்போது சம்பளக்காரர்களின் பி.இ. பாரம் அல்ல, பி பாரம். கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். வீட்டுக்காரர் தன் வரிக் கணக்கில் மனைவிக்கென்று 4,000 வெள்ளி விலக்குக் கேட்கிறார் என்றால், அது உங்களுக்கு வருமானம் இல்லாதபோதோ இருவரும் கூட்டாகக் கணக்குக் காட்டும்போதோதான் செல்லும். அடுத்த பாரம் நிரப்புவதற்குள் வரி அலுவலகத்தில் போய்க் கேட்டு எது நல்லது என்று முடிவு செய்யுங்கள். தேவாலயச் சந்தையோடு நிற்காமல் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போட நினைத்தால் மாநகர் மன்றத்தின் லைசென்ஸ் வேண்டும்.

விற்பனைக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, கியூஆர் பணம் எல்லாம் அதில் விழும்படி செய்யுங்கள். போன வருட லாபம் எங்கே போனது என்று உங்கள் நோட்டில் தேடினேன். அரிசி, பால் மாவு, பள்ளிக் காலணியாகப் போயிருக்கிறது. தப்பில்லை, வீட்டுக்குத்தானே. இந்த முறை ஜனவரியில் அதிலிருந்து 500 வெள்ளியை உங்கள் பெயரில் இ.பி.எஃப்.பின் ஐ-சாரான் திட்டத்தில் போடுங்கள். சுயதொழில் செய்பவர் போடும் பணத்துக்கு அரசாங்கம் 2025 முதல் 20 விழுக்காடு, வருடத்துக்கு 500 வெள்ளி வரை, சேர்த்துப் போடுகிறது. உங்கள் 500-க்கு 100 வெள்ளி. வீட்டுக்காரர் கணக்கிலிருந்து எடுக்கக் கேட்டீர்கள். நான் உங்கள் கணக்கில் போடச் சொல்கிறேன்.

கடைசியாக, சொந்தக்காரர்களுக்கான பரிசு. கையால் செய்தால் மலிவு என்பது பாதி உண்மைதான். அலமாரியில் கிடக்கும் 240 வெள்ளிச் சாமானை வைத்துச் செய்தால் மிச்சம். பரிசுக்கென்று புதிதாக ரிப்பனும் மினுமினுப்புத் தூளும் வாங்கக் கடைக்குப் போனால், அங்கேயே தலைக்கு 20 வெள்ளி ஆகிவிடும். அதற்கு அச்சு முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதை விற்க ஆரம்பித்தால் மட்டும் கதை வேறு: உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் கட்டாயம்.

மெழுகுவர்த்தியைப் பரிசாகக் கொடுப்பதென்றால் பினாங்குக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். சோயா மெழுகு நம் ஊர் வெயிலைத் தாங்காது. ஈப்போவில் இருக்கும் அக்காவுக்கு என்று காரில் எடுத்துப்போய், தைப்பிங்கில் சாப்பிட இறங்கிவிட்டுத் திரும்பினால், திரி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்.