மானிட்டரை ஏன் திட்டுகிறீர்கள்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ஆன் செய்தால் படம் வரவில்லை. சரி, பார்ப்போம்.

கே: கம்ப்யூட்டர் ஓடுகிறது, திரையில் 'நோ சிக்னல்' என்று வருகிறது. மானிட்டர் போய்விட்டதா?

ப: போன மானிட்டர் எப்படி அதை எழுதிக் காட்டும்? மெனுவில் இன்புட்டைப் பாருங்கள். மானிட்டரில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் என்று இரண்டு வகை வாய் இருக்கலாம்; கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்கும், மானிட்டர் டிஸ்ப்ளே போர்ட்டில் தேடிக்கொண்டிருக்கும்.

கே: புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை.

ப: கேபிளை எதில் செருகினீர்கள் என்று எழுதவில்லை. மதர்போர்டில் பழைய இடத்திலேயே இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கார்டில் உள்ள போர்ட்டுக்கு மாற்றுங்கள். கார்டில் 6 அல்லது 8 பின் பவர் சாக்கெட் இருந்தால் அதற்கும் வயர் போக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

கே: பிசி ஒர்க் ஆகல. என்ன பண்ண?

ப: மானிட்டர் விளக்கு எரிகிறதா, என்ன எழுத்து வருகிறது, பீப் சத்தம் எத்தனை தடவை? ஜோசியம் எனக்குத் தெரியாது.

கே: ஆன் செய்ததிலிருந்து கருப்புத் திரைதான், கம்பெனி லோகோகூட இல்லை. விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல். அது ப்ராசஸர், ராம் (தற்காலிக நினைவகம்), கிராபிக்ஸ் எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் விண்டோஸின் முறை. லோகோவே வராதபோது அதன் மேல் பழி போட்டு என்ன பயன்? எதைக் கேட்டாலும் ஃபார்மேட் என்பது தலைவலிக்கு மொட்டை அடிக்கிற வைத்தியம். என் தம்பி மகனுக்கும் ஒரு கடையில் இதையே செய்தார்கள். டிஸ்க்கைக் கழற்றி, வேறு மெஷினில் மாட்டி, விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருடக் குறிப்புகள் போயின. படம் மட்டும் வரவில்லை. நான் மூடியைத் திறந்து பார்த்தால் ராம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது!

நீங்கள் முதலில் கீபோர்டில் 'Num Lock' பட்டனைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். மாறவில்லையா, ராமுக்கு வாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகளை வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும், பிரஷால் தட்டுங்கள். அப்புறம் கொக்கி 'டிக்'கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

கே: டிடிஆர்5 ராமோடு புது பிசி கட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தேன், படம் இல்லை, அணைத்துவிட்டேன்.

ப: அதுதான் தப்பு. முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ள போர்டுக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். ஒரு 10 நிமிடம் தொடாமல் விடுங்கள்.

கே: கடிகாரம் தினமும் பழைய தேதிக்குப் போகிறது. சில நாள் படமும் வருவதில்லை.

ப: மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை முதலில் மாற்றுங்கள். மறுபடி சொல்கிறேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

கே: லோகோ வருகிறது, விண்டோஸ் வரும்போது 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'.

ப: மானிட்டர் தாங்காத ரெசல்யூஷனோ ரெஃப்ரெஷ் ரேட்டோ வைத்திருக்கிறீர்கள். சேஃப் மோடில், அதாவது விண்டோஸை அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் ஆரம்பிக்கும் முறையில் போய் கிராபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இது விண்டோஸ் சமாச்சாரம்தான், ஆனால் இதற்கும் ஃபார்மேட் வேண்டாம்.

கே: திரை இருட்டு. டார்ச் அடித்தால் உள்ளே படம் மங்கலாகத் தெரிகிறது.

ப: பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, போய்விட்டது. இத்தனை பேரில் உங்களுக்கு மட்டும்தான் நிஜமாகவே மானிட்டர் கோளாறு. நீங்களே பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.