கல்யாணம் 'நேர்ந்தது' என்று சொல்லாதீர்கள்: சீனச் சொற்கள் பற்றி கேள்வி பதில்

மாண்டரின் படிப்பவர்கள் கேட்டதில், நடந்த சம்பவங்களைச் சொல்லும் சொற்கள் பற்றியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உச்சரிப்பை முடிந்தவரை தமிழில் எழுதியிருக்கிறேன், தொனியைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அக்கா! என் அண்ணன் கல்யாணம் நடந்தது என்பதற்கு 'ஃபாஷெங்' போட்டேன். சீன நண்பர் சிரித்துவிட்டார். ஏன்?

சிரிக்காமல் என்ன செய்வார்! ஃபாஷெங் என்பது எதிர்பாராமல் நேர்வதற்கு, பெரும்பாலும் நிலநடுக்கம், தகராறு, விபத்து மாதிரி. நாள் குறித்து ஆட்கள் கூடி நடத்துவது என்றால் 'ஜூஷிங்'. கல்யாணம், கூட்டம், ஒலிம்பிக் எல்லாம் ஜூஷிங்தான்.

ஷிஜியன், ஷிகு, ஹுவோதோங் மூன்றும் குழப்புகின்றன.

ஷிஜியன் என்றால் செய்தியாகும் அளவுக்குப் பெரிய சம்பவம். ஷிகு விபத்து. ஹுவோதோங் என்பது யாரோ ஏற்பாடு செய்த நிகழ்ச்சி, பள்ளி விழாவிலிருந்து கடைக்காரர் போடும் தள்ளுபடி வரை அதில் அடக்கம். ஷிகுவின் இரண்டு எழுத்தையும் திருப்பிப் போட்டால் 'குஷி', அதாவது கதை (நம் குஷிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை).

அப்புறம், பாடப் புத்தகத்தைவிடத் தெருவில் அதிகம் கேட்பது 'சூ ஷி லெ'. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 'விஷயம் வெளிப்பட்டது', அவ்வளவுதான், கெட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. ஆனால் லாட்டரி விழுந்ததற்கு யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். யாராவது சொன்னால் ஏதோ விபரீதம் என்று ஓடுங்கள். 'மேய் ஷி' என்றால் ஒன்றுமில்லை, பரவாயில்லை.

வரலாற்றுப் பாடத்தில் 'ஜியூ யீ பா' என்று வெறும் எண்கள் வருகின்றனவே?

தேதி, வேறொன்றும் இல்லை. மாதம் முதலில், நாள் பிறகு. ஒன்பது, ஒன்று, எட்டு: 1931 செப்டம்பர் 18. ஷென்யாங் அருகே ரயில் பாதையில் ஜப்பானியப் படையினரே குண்டு வைத்து, பழியைச் சீனர்கள் மேல் போட்டு, அதைச் சாக்காக வைத்து சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். இப்படிப்பட்டதற்கு 'ஷிபியன்' என்பார்கள். 'வூ ஸி', ஐந்து நான்கு, 1919 மே 4 மாணவர் போராட்டம். அது ஷிபியன் இல்லை, 'யுன்தோங்', இயக்கம்.

'அத்தி பூத்தாற்போல' என்பதற்கு செங்யூ, அதான் அந்த நாலெழுத்து மரபுத்தொடர், உண்டா?

அதே பூவை வைத்தே ஒன்று இருக்கிறது, ஆனால் பொருள் வேறு பக்கம் போய்விட்டது. உதும்பரம், அதாவது அத்தி, பூப்பதைப் போல அரிதானது புத்தர் தோன்றுவது என்று பௌத்த நூல்கள் சொல்லும். 406இல் குமாரஜீவர் என்ற துறவி தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தபோது இந்த உவமையும் கூடவே போனது. உதும்பரம் காலப்போக்கில் சுருங்கி 'தான் ஹுவா' ஆனது. 'தான் ஹுவா யீ ஷியன்', தான் பூ ஒருமுறை தோன்றியது, என்ற தொடரும் பிறந்தது. நாம் 'அரிது' என்பதைப் பிடித்துக்கொண்டோம், அவர்களோ 'தோன்றியதும் மறைந்தது' என்பதை. இன்று தான் ஹுவா என்று அவர்கள் சொல்வதும் அத்தியை இல்லை, இரவில் பூத்து விடிவதற்குள் வாடும் கள்ளி இனப் பூவை. நம் ஊர் வீடுகளில் பிரம்ம கமலம் என்று வளர்க்கிறார்களே, அதுதான்.

அதனால் ஒரே படத்தோடு காணாமல் போன நடிகருக்கு இதைச் சொல்லலாம், எப்போதாவது வீட்டுக்கு வரும் சித்தப்பாவுக்குச் சொல்லக்கூடாது. அரிய வாய்ப்பு என்றால் 'ச்சியன் ஸாய் நான் ஃபெங்', ஆயிரம் ஆண்டிலும் கிடைப்பது கடினம். நூறாண்டு காணாத வெள்ளத்துக்கு 'பாய் நியன் பூ யூ'.

ஊரே பேசும் வம்புக்கு?

'மான் செங் ஃபெங் யூ', ஊர் முழுக்கக் காற்றும் மழையும். சோங் அரசமரபுக் காலத்துக் கவிஞர் பான் தாலின் இலையுதிர்கால வானிலையைப் பற்றி எழுதிய வரியில் இருந்த சொற்கள், இப்போது வம்புக்கு மட்டும்தான் ஆகின்றன. இளைஞர்கள் இணையத்தில் 'ச் குவா' என்பார்கள், தர்பூசணி தின்பது, அதாவது அதைக் கடித்தபடி வேடிக்கை பார்ப்பது. நேர்முகத் தேர்வில் வேண்டாம்.

ஆரவாரமாகத் தொடங்கிப் புஸ்ஸென்று போனால்?

'ஹூ தோவ் ஷ வெய்', புலித் தலை, பாம்பு வால். புகார் கொடுத்து, விசாரணை என்று சொல்லி, பிறகு யாருமே அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டார்கள் என்றால் அது வேறு: 'பூ லியாவ் லியாவ் ஜி', முடிக்காமலே முடித்தது. செய்தித்தாளில் இரண்டும் வரும், இரண்டாவதில் கோபம் கொஞ்சம் அதிகம்.